ஒருமுறை மட்டும் கேட்கிற உணவகம்

அம்மாவுக்கு ஒருநாளாவது நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று அண்ணை சொன்னபோது, அவர் எங்கள் வீட்டுக் குசினி மேசையடியில் குந்தியிருந்து அம்மா சமைத்த ஏழாவது கறியில் கைவைத்திருந்தார். கணவாய்க் கறி. முருங்கையிலை வறை ஏற்கெனவே முடிந்துவிட்டது. நான் பின்னால் நின்று சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் இப்போது வாய்க்குள் போவதற்கு என்ன பெயராம் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. ஆறு வருடத்துக்குப் பிறகு கனடாவிலிருந்து வந்தவரிடம் முதல் கிழமையே வாய்காட்டக் கூடாது என்று சட்டியை இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

எங்கள் வீடு கொக்குவிலில். நாலு அறை, ஒரு கிணறு, சுற்றிவர மதில், உள்ளே அம்மாவும் நானும். எனக்கு நாற்பத்தாறு வயது. கலியாணம் கட்டவில்லை. பட்டணத்தில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர் வேலை. அப்பா செத்து எட்டு வருடம். அண்ணை என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அவரும் அண்ணியும் அவர்களின் பதினாறு வயது மகளும் பட்டணத்தில் ஒரு ஹோட்டலில் அறை எடுத்து நின்றார்கள். எங்கள் வீட்டு விசிறி காற்றைச் சுழற்றவில்லையாம், வெக்கையைச் சுழற்றுகிறதாம். காலையில் வாடகை வானில் வந்து இறங்குவார்கள், மூன்று நேரமும் எங்களோடு சாப்பிடுவார்கள், படுக்க மட்டும் ஏசிக்குப் போவார்கள்.

அண்ணை சொன்ன நல்ல சாப்பாடு பட்டணத்தில் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு பறங்கிக்காரர் தொடங்கிய உணவகம். பச்சைப் பெயின்ற் அடித்த மரயன்னல்கள், வெள்ளை மேசைவிரிப்பு, கத்தி, முள்ளுக்கரண்டி. சண்டைக் காலத்தில் பூட்டினார்கள், திறந்தார்கள், திரும்பப் பூட்டினார்கள், திரும்பத் திறந்தார்கள். கூரை மாறியது, முதலாளிமார் மாறினார்கள், சாப்பாடு மட்டும் மாறவில்லை. சூப், மீன் கட்லட், ஆட்டிறைச்சி றோஸ்ட், கறமல் புடிங். சோறு கிடையாது. சோறில்லாத இடத்தில் மனிதன் என்னத்தைச் சாப்பிடுவது என்று யாழ்ப்பாணத்தில் முக்கால்வாசிப் பேர் அந்தப் படியில் கால் வைத்ததில்லை. அண்ணை பள்ளிக்கூடம் போன காலத்தில் சைக்கிளை நிறுத்தி, ஒற்றைக் காலை மதிலில் ஊன்றிக்கொண்டு, யன்னலுக்குள்ளால் ஆட்கள் இறைச்சியைக் கத்தியால் வெட்டுவதை விடுப்புப் பார்ப்பார். அந்த ஆசை முப்பத்தைந்து வருடம் ஊறி இப்போது அம்மாவின் ஆசையாகிவிட்டது. அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை.

அந்தச் சாப்பாட்டுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. வருவதற்கு ஒரு மாதம் முன்னமே அண்ணை தொலைபேசியில் எனக்குச் சொல்லிவிட்டார்.

"இந்தமுறை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகப்போறன். இனி அங்கைதான். பேப்பர் எல்லாம் போட்டாச்சு. அம்மாவுக்கு இப்ப சொல்லிப்போடாதை. வடிவாய் ஒரு இடத்திலை இருத்தி நானே கேக்கிறன்."

அம்மா போனால் அந்த நாலு அறை வீட்டில் நானும் கிணறும்தான். கந்தோரால் வந்து கேற்றைத் திறந்தால் "வந்திட்டியோ" என்று கேட்க ஒரு குரல் இருக்காது. இதையெல்லாம் அண்ணையிடம் சொன்னேனா? சொல்லவில்லை. "ம்" என்றேன். அடுத்த கிழமை அண்ணி தொலைபேசி எடுத்து, பனிக்குப் போடுகிற சப்பாத்து வாங்க அம்மாவின் கால் அளவு கேட்டார். ஒரு கடதாசியில் அம்மாவின் செருப்பை வைத்துக் கோடு கீறி, படம் எடுத்து அனுப்பினேன். இப்படிப்பட்ட விசரியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எங்கள் ஆட்களின் ஒரு பழக்கத்தை இங்கே சொல்லத்தான் வேண்டும். யாராவது எதையாவது நீட்டினால் உடனே வாங்கக் கூடாது. முதல்தரம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம்தரம் நீட்டும்போது, இப்பதான் வீட்டில் சாப்பிட்டோம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம்தரம் நீட்டுகிறவர் கோபப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சாப்பாட்டுக் கோப்பையில் போட்டுவிடுவார். அதற்குப் பிறகு, ஐயோ ஏன் இவ்வளவு என்று சொல்லிக்கொண்டு ஆசைதீரச் சாப்பிடலாம். முதல்தரமே கையை நீட்டுகிறவன் அவதி பிடித்தவன். மூன்றுதரம் கேட்காதவன் நப்பி. இரண்டு பக்கமும் ஒழுங்காக நடந்துகொண்டால் ஒரு துண்டு கேக் கோப்பையில் இறங்கப் பத்து நிமிடம் பிடிக்கும். என்னைப் பெண்பார்க்க வந்த ஒரு கூட்டத்தில், அவர்களும் வேண்டாம், நாங்களும் வேண்டாம் என்று ஒரு தட்டு வடை மூன்று சுற்றுச் சுற்றி, ஆறிப்போய், வந்த வழியே குசினிக்குப் போனது. பிடித்திருக்கோ என்று அப்பா என்னை ஒருதரம் கேட்டார். உங்கடை விருப்பம் என்றேன். அவர் இரண்டாம்தரம் கேட்கவில்லை. கலியாணமும் வடையைப் போலவே ஆறிவிட்டது.

வெளியில் சாப்பிடப் போவதென்றால் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போவதும் இந்தப் பழக்கத்தில் சேர்த்தி. அங்கே போய்க் காணாததைக் கண்ட மாதிரி விழக் கூடாது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு உணவகத்தில் மேசை ஒதுக்கச் சொல்லியிருந்தது. அம்மா பதினொரு மணிக்குப் புட்டு அவித்து, மீன் பொரித்து, கத்தரிக்காய்க் குழம்பு வைத்து எல்லாரையும் இருத்தினார். அண்ணி மட்டும் தயங்கினார்.

"மாமி, இப்ப சாப்பிட்டா அங்கை என்னெண்டு சாப்பிடுறது?"

"அங்கை சாப்பிடத் தேவையில்லாமல்தானே பிள்ளை இஞ்சை சாப்பிடுறது" என்று அம்மா இரண்டாவது நீத்துப்பெட்டிப் புட்டைக் கவிழ்த்தார்.

மாமாவும் வந்திருந்தார். அம்மாவின் தம்பி, நீர்வேலியில் வாழைத்தோட்டம். ஆனால் தோட்டக்காரர் என்று சொன்னால் முகத்தைச் சுளிப்பார். இளமையில் கொழும்பில் ஒரு வெள்ளைக்காரன் கொம்பனியில் நாலு வருடம் வேலை பார்த்தவர். அந்த நாலு வருடத்தில் இரண்டு பெரிய விருந்துகளுக்குப் போயிருக்கிறார். அதனால் எங்கள் குடும்பத்தில் முள்ளுக்கரண்டிக்குப் பொறுப்பு அவர்தான். வானுக்குள் ஏறியதும் பாடம் தொடங்கிவிட்டது. வெளிக்கரையில் கிடக்கிறதை முதல் எடுக்க வேண்டும். சூப்பை உறிஞ்சக் கூடாது. சேர்வியட்டை மடியில் போட வேண்டும், முகம் துடைக்கக் கூடாது.

"முகம் துடைக்கேலாதெண்டா பேந்தேன் அது?" என்று அம்மா கேட்டார்.

"மடியிலை கிடக்க வேணும், அக்கா. அவ்வளவுதான்."

வாசலில் சாரத்துடன் உள்ளே வர அனுமதியில்லை என்று பலகை தொங்கியது. காற்சட்டை போட்டிருந்த மாமா அதை இரண்டுதரம் சத்தமாக வாசித்தார். உள்ளே குளிர். சுவரில் ஏதோ ஒரு நாட்டு ஏரியும் பனிமலையும் படமாக இருந்தன. மேசைவிரிப்பில் கஞ்சி போட்டு மொடமொடவென்று அழுத்தியிருந்தார்கள். பரிமாற வந்தவருக்கு அறுபது வயது இருக்கும். மெலிந்த மனிதர், வெள்ளைக் கோட்டு, பித்தளைப் பொத்தான்கள். நடக்கும்போது சத்தமே இல்லை. அம்மா அவரைக் கண்டதும் பாதி எழும்பி, இருங்கோ தம்பி என்று பக்கத்துக் கதிரையை இழுத்தார். நான் முந்தானையைப் பிடித்து இருத்தினேன்.

சூப் கேட்காமலே வந்தது. உப்புப் போட்ட சுடுதண்ணிக்குள் இரண்டு துண்டு லீக்ஸ் நீந்தியது. மாமா உறிஞ்சாமல் குடித்துக் காட்டினார். காட்டியதில் பாதி சேட்டில். அம்மா ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஏரிப் படத்தைப் பார்த்தேன்.

கட்லட் வந்தபோதுதான் சங்கதி தொடங்கியது. அந்த உணவகத்தில் ஒரு முறை இருக்கிறது. பரிமாறுகிறவர் பெரிய தட்டை இடதுகையில் ஏந்தி, ஒவ்வொருவருக்கும் இடப்பக்கமாகக் குனிந்து, மெல்லிய குரலில் ஒரேயொருதரம் கேட்பார். ஓம் என்றால் வைப்பார். வேண்டாம் என்றால் தலையைச் சற்றுச் சாய்த்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார். திரும்பி வரமாட்டார். வெள்ளைக்காரன் விட்டுப்போன மரியாதையாம்.

முதலில் அம்மாவிடம் குனிந்தார். "கட்லட் எடுக்கிறியளோ அம்மா?"

"எனக்கேன் தம்பி, வேண்டாம்."

தலையைச் சாய்த்தார், போய்விட்டார். அம்மாவின் கண் கட்லட்டுக்குப் பின்னாலேயே போனது. அடுத்தது நான். இவர் திரும்பக் கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும், இப்போதுதான் கண்டேன். இருந்தும் வாய் தன்பாட்டில் வேண்டாம் என்றது. நாற்பத்தாறு வருடப் பயிற்சி. மாமா, "எனக்கு வேண்டாம், இப்பதான் வீட்டிலை" என்று தொடங்கி வசனத்தை முடிப்பதற்குள் தட்டு இரண்டு கதிரை தள்ளிப் போய்விட்டது. மாமா கையை அரைவாசி தூக்கியபடி இருந்தார். கனடாக்காரர் அண்ணையும் அண்ணியும்கூடத் தப்பவில்லை. அம்மாவின் முன்னால் இருந்ததும் பழைய பழக்கம் வந்து தொண்டையில் ஏறிக்கொண்டது போல. இரண்டு பேரும் பரவாயில்லை என்றார்கள்.

கடைசியில் அண்ணையின் மகள். அவளுக்குத் தமிழ் கொஞ்சம் மெதுவாக வரும்.

"ஓம். மூண்டு வையுங்கோ."

வைத்தார். அவள் மூன்றையும் எங்கள் ஐந்து பேருக்கும் நடுவில் இருந்து ஆறுதலாகச் சாப்பிட்டாள். மொறுமொறுவென்ற சத்தம் மேசை முழுக்கக் கேட்டது. மிச்சக் கட்லட் உள்ளே போனது. புட்டு நிரம்பிய வயிறுதான், பசியில்லை. ஆனாலும் இல்லை என்று ஆன பிறகு அந்தக் கட்லட்டில் எனக்கு வந்த ஆசை இந்தப் பிறவியில் வேறெதிலும் வந்ததில்லை.

"இவை திருப்பிக் கேக்கமாட்டினம்போலை" என்று அம்மா மெதுவாகச் சொன்னார்.

"அதுதான் முறை" என்றார் மாமா, வெறும் கோப்பையைப் பார்த்துக்கொண்டு.

றோஸ்ட் வந்தது. இந்தமுறை விடக் கூடாது என்று மாமா முடிவெடுத்திருந்தது முகத்தில் தெரிந்தது. ஆனால் தனக்குத் தானே கேட்க முடியுமா? அதனால் மற்றவர்களை உபசரிக்கத் தொடங்கினார். "அக்கா, நீங்கள் எடுங்கோ." அம்மா, "நீ எடு, நீ எடு" என்றார். அண்ணை, "மாமாவுக்கு முதல் வையுங்கோ" என்றார். மாமா, "பிள்ளையளுக்கு வையுங்கோ" என்றார். அண்ணி என்னைக் காட்டினார், நான் அண்ணியைக் காட்டினேன். பரிமாறுகிறவர் தட்டை ஏந்தியபடி தலையை இங்கும் அங்கும் திருப்பினார். அந்த மேசையில் ஒருவருக்கும் இறைச்சி தேவையில்லை, எல்லாருக்கும் மற்றவர் சாப்பிடுவதைப் பார்க்கத்தான் ஆசை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். மரியாதையாகத் தலையைச் சாய்த்துவிட்டுத் திரும்பிப் போக வெளிக்கிட்டார்.

"எல்லாருக்கும் வேணும்" என்றாள் அண்ணையின் மகள். "இவை சும்மா சொல்லுகினம். வையுங்கோ."

எல்லாருக்கும் வைத்தார். மாமா, ஐயோ ஏன் இவ்வளவு என்று சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்தார்.

இறைச்சி பஞ்சு மாதிரி அவிந்திருந்தது. பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கு, அவித்த கரட், போஞ்சி. உறைப்பு மட்டும் மருந்துக்கும் இல்லை. அம்மா என் பக்கம் சரிந்து, மிளகாய்த்தூளாவது கிடக்குமோ என்று கேட்டார். கேளுங்கோவன் என்றேன். சீ, என்ன நினைப்பினம் என்றார். எல்லாரும் குனிந்து மென்றோம். எங்கள் குடும்பம் அவ்வளவு அமைதியாகச் சாப்பிட்டதை நான் கண்டதில்லை.

அந்த அமைதியில்தான் அண்ணை கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் கீழே வைத்தார்.

"அம்மா, ஒண்டு கேக்க வேணும்."

"கேள் மோனை."

"இந்தமுறை எங்களோடை வந்திடுங்கோ. விசாவுக்கு எல்லாம் செய்தாச்சு. இனி நீங்கள் அங்கை எங்களோடைதான்."

அம்மா போஞ்சியை ஓரமாக ஒதுக்கினார். "எனக்கேன் மோனை கண்டறியாத கனடா. வேண்டாம்."

மாமா குனிந்து, தன் நினைப்பில் இரகசியமாக, "அது முதல் வேண்டாம். விடாமல் கேள்" என்றார். பக்கத்து மேசைக்காரரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணி தொடங்கினார். அம்மாவுக்கென்று தனி அறை, யன்னலைத் திறந்தால் மரம், கோயில் காரில் பத்து நிமிடம், பின்னேரங்களில் வயதான ஆட்கள் கூடுகிற மண்டபம், எல்லாரும் எங்கடை ஆட்கள். "பனிக்குப் போடச் சப்பாத்தும் வாங்கி வைச்சிருக்கிறன் மாமி."

"என்ரை கால் அளவு என்னெண்டு தெரியும்?"

"தங்கச்சிதான் அனுப்பினவ" என்று அண்ணி என்னைக் காட்டினார்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கரட்டைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டினேன். அது ஏற்கெனவே சின்னத் துண்டுதான்.

"இந்த வயதிலை அந்தக் குளிருக்கை நான் என்ன செய்யிறது, ராசா" என்றார் அம்மா. குரல் முன்னையதைவிடத் தளர்ந்திருந்தது.

மாமா இரண்டு விரலை மேசைக்குக் கீழே அண்ணைக்குக் காட்டினார். அண்ணை அதைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த சேர்வியட்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அப்பாவின்ரை கடைசி நேரம் நான் நிக்கேல்லை, அம்மா. போனிலைதான் பாத்தனான். உங்களுக்கும் அப்பிடி நடந்தா நான் பிறகு மனுசனில்லை." அதுவரை நான் அவரை மனதுக்குள் பகிடி பண்ணிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பகிடி நின்றுவிட்டது. அவர் என்னிடம் திரும்பினார். "நீ சொல்லு. அம்மா வந்தா உனக்குப் பரவாயில்லையோ?"

பரவாயில்லையா? என் நெஞ்சுக்குள் ஒருத்தி மேசையில் அடித்துக் கத்தினாள். எனக்கு அம்மா வேணும், கொண்டுபோகாதையுங்கோ, நீங்கள் ஆறு வருடத்துக்கு ஒருக்கால் வந்து கணவாய்க் கறி சாப்பிட்டுவிட்டு அவவையும் தூக்கிக்கொண்டு போகப்போறியளோ என்று. வெளியில் வந்தது வேறு.

"எனக்கென்ன? அம்மாவின்ரை விருப்பம்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். எங்கள் வீட்டு முறைப்படி இனி அவர், உண்மையாவோ, தனிய இருந்திடுவியோ என்று கேட்க வேண்டும். நான் என்ன செய்யிறது, இருக்கத்தானே வேணும் என்று இழுப்பேன். மூன்றாம்தரம் கேட்கும்போது அழுதுவிடுவேன். எல்லாம் எனக்குள் ஆயத்தமாக இருந்தது.

"பாத்தியளோ அம்மா, அவளுக்கும் சம்மதம்" என்றார் அண்ணை.

அவ்வளவுதான். கட்லட் தட்டுப் போன மாதிரி அந்தக் கேள்வி என்னைத் தாண்டிப் போய்விட்டது.

அம்மா என்னைக் கனநேரம் பார்த்தார். கோபமான பார்வையில்லை. ஏதோ தெரியாத ஒன்றை இப்போதுதான் தெரிந்துகொண்ட ஆளின் பார்வை. பிறகு அண்ணையைப் பார்த்து, "அப்ப சரி. வாறன்" என்றார். ஒரேயொருதரம், நேராக. மூன்றாம்தரம் கேட்கச் சொல்லவிருந்த மாமா வாயைத் திறந்தபடி திகைத்துப்போய் இருந்தார்.

அண்ணைக்குப் புளுகம் தாங்கவில்லை. எழும்பிப் போய் அம்மாவைக் கட்டிப்பிடித்தார். கறமல் புடிங் வந்தது. பரிமாறுகிறவர் குனிந்ததும் மாமா முந்திக்கொண்டு ஓம் என்றார், படித்துவிட்டார். நானும் ஓம் என்றேன், சாப்பிடத்தான் முடியவில்லை. படம் எடுத்தோம். எல்லாரும் சிரித்தோம். அந்தப் படத்தில் நான்தான் ஆகக் கூடுதலாகச் சிரிக்கிறேன்.

வெளிக்கிடும்போது அம்மா பரிமாறினவரிடம், சாப்பாடு நல்லது, கொஞ்சம் உறைப்பு இருந்திருந்தால் இன்னும் நல்லது என்றார். அவருக்கு முகம் விழுந்துவிட்டது.

"கேட்டிருக்கலாமே அம்மா. உள்ளுக்கை நல்ல உறைப்பாய்க் கட்டைச் சம்பல் எப்பவும் கிடக்கு. வாற ஆக்கள் எல்லாரும் கேக்கிறவை. நீங்கள் ஒண்டும் கேக்கேல்லை, அதுதான் நான் கொண்டரேல்லை."

கொக்குவிலில் எங்களை இறக்கிவிட்டு வான் போனது. அம்மா சீலையை மாற்றிக்கொண்டு குசினிக்கு வந்தார். வழமையாக அந்த நேரம் தேத்தண்ணி வைப்பார். அன்று வைக்கவில்லை. எனக்குச் சொல்லித்தரத் தொடங்கினார். கிணற்று மோட்டர் சுவிச்சை இரண்டுதரம் தட்டினால்தான் பிடிக்கும். காஸ் சிலிண்டர் முடிய முன்னம் சொல்லிவைக்க வேண்டும். பின்பக்கக் கதவின் மேல்பூட்டு இறுகும், தேங்காயெண்ணெய் விட வேண்டும். இரவில் தனிய இருக்கப் பயமென்றால் ஒழுங்கை முடக்கில் இருக்கிற பிள்ளையைப் படுக்க வரச் சொல்லலாம்.

"எல்லாத்தையும் ஒரு கொப்பியிலை எழுதித் தாங்கோவன்" என்றேன். "போறவைக்கு என்ன கவலை? உங்களுக்கு அங்கை தனி அறை, மரம், மண்டபம். போங்கோ."

"ஏன் இப்ப என்னோடை சீறுறாய்? நீதானே எனக்கென்ன எண்டனீ."

"எண்டால்? நீங்கள் உடனை ஓம் எண்டிடுறதோ?"

"வேறை என்னத்தைச் சொல்ல? சப்பாத்துக்கு அளவும் குடுத்திருக்கிறாய். உனக்கு நான் பாரமாய்ப் போட்டனெண்டு நினைச்சன். கந்தோருக்கும் போய், என்ரை மருந்துக் குளிசையையும் பாத்து, உனக்கும் அலுத்திருக்கும்தானே எண்டு."

அம்மா இதைச் சாதாரணமாகச் சொன்னார், கறிக்கு உப்புக் காணுமோ என்று கேட்கிற குரலில். குசினி வாங்கில் குந்திவிட்டேன். பாரமா? அந்த வீட்டில் எனக்கு இருந்த ஒரேயொரு ஆள் இத்தனை நாளும் தன்னைப் பாரமென்று நினைத்துக்கொண்டு எனக்குப் புட்டு அவித்திருக்கிறார்.

"எனக்கு நீங்கள் வேணும், அம்மா" என்றேன். "போகாதையுங்கோ. என்னாலை தனிய இருக்கேலாது. எனக்குப் பயம்."

அழுகை வந்துவிட்டது. மூக்கு, கண், எல்லாம். அம்மா பக்கத்தில் வந்து இருந்து என் முதுகைத் தடவினார்.

"இதை அங்கை சொல்லியிருந்தா நான் ஏன் ஓம் எண்டிருப்பன்? விசர்ப் பெட்டை." கொஞ்சநேரம் தடவிவிட்டுச் சொன்னார்: "அவனுக்கு நீயே போன் எடுத்துச் சொல்லு. நான் ஓம் எண்டிட்டன். பிள்ளையின்ரை முகத்தைப் பாத்துத் திருப்பி இல்லையெண்டு சொல்ல எனக்கு ஏலாது."

எடுத்தேன். அண்ணை ஹோட்டலில் இருந்தார். பின்னால் மகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. சுகம் விசாரிக்கவில்லை, சுற்றிவளைக்கவில்லை. சத்தம்தான் கொஞ்சம் கூடிவிட்டது.

"அண்ணை, அம்மா வரமாட்டா. நான்தான் விடேல்லை. எனக்கு அவ வேணும்."

ஏன் அங்கேயே சொல்லவில்லை என்று கத்துவார் என்று பார்த்தேன். அவர் கத்தவில்லை. கதவு ஒன்று திறந்து பூட்டுப்படுகிற சத்தம் கேட்டது. வெளி விறாந்தைக்குப் போயிருப்பார். மகளின் சிரிப்பு நின்றுவிட்டது.

"எனக்கும் அவ வேணும்தானேயடி" என்றார். "நீ நாப்பத்தாறு வருசமாய் வைச்சிருக்கிறாய்."

தொலைபேசியை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் நின்றேன். அம்மா அவரை ராசா என்று கூப்பிடுவது அங்கேவரை கேட்டது. அம்மா போகவில்லை. அண்ணை அடுத்த கிழமை தன் குடும்பத்தோடு திரும்பினார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது என்னவென்று எனக்குத் தெரியும்.